படம் பார்க்காத கேட்டக்கா

எங்கள் ஊர் சினிமாக் கொட்டகையில் பெண்களுக்குத் தனி வாசல். ரோட்டைப் பார்த்த பெரிய வாசல் ஆண்களுக்கு. பக்கத்துச் சந்தில் திரும்பினால் நமக்கு. அந்தச் சந்து வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த ஒருத்தியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவள் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டில் நிற்கிற அக்கா, அதனால் கேட்டக்கா. அவளைவிட மூத்த கிழவிகளும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், கொட்டகை மானேஜரும் அப்படித்தான் கூப்பிட்டார்.

ஆள் கறுப்பு, நல்ல உயரம். காது இரண்டும் தோள்வரை தொங்கும். பாம்படம் போட்டு வளர்த்த காது. பாம்படம் எங்கே என்று கேட்டால், "வித்துத் தின்னாச்சு" என்பாள். குலசேகரன்பட்டினத்துக்கு மேற்கே ஏதோ செம்மணல் தேரிக்காட்டு ஊர் அவளுக்கு. புருஷன் பனையேறி, மரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான். இதற்கு மேல் அவள் கதை எனக்குத் தெரியாது. ஊர்க் கதை முழுக்க அவளிடம் இருந்ததால் அவள் கதையைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

ஊருக்கே சினிமாப் பைத்தியம் பிடித்திருந்த காலம். யுத்தம் அப்போதுதான் முடிந்திருந்தது, துணிக்கு ரேஷன். ஆனாலும் ஜாக்கெட்டின் கை மட்டும் படத்துக்குப் படம் மாறிக்கொண்டே இருந்தது. ஒரு படத்துக்குப் புஸ்ஸென்று உப்பி நிற்கும், அடுத்த படத்துக்கு முழங்கைவரை இறங்கிவிடும். எங்கள் தெருவில் ஒரே பெயரில் மூன்று கைக்குழந்தைகள். மூன்றுக்கும் ஒரே படத்துக் கதாநாயகி பெயர். சாமி பெயர் வைக்காமல் கூத்தாடிச்சி பெயரை வைத்தார்களே என்று கிழவர்கள் திட்டினார்கள், திட்டிவிட்டு அவர்களும் படத்துக்குப் போனார்கள். அப்படிப்பட்ட ஊரில், தினமும் கொட்டகைக்குள்ளேயே இருந்துகொண்டு, கேட்டக்கா ஒரு படம்கூடப் பார்த்ததில்லை.

நான் கண்ணால் கண்டதைச் சொல்லுகிறேன். படம் ஆரம்பித்ததும் சந்து வாசலை அடைத்துவிட்டு உள்ளே வருவாள். ஆண்களையும் எங்களையும் பிரிக்கிற இடுப்பளவு மரத்தடுப்பு ஓரமாக நடந்து, நேரே திரைக்குக் கீழே போவாள். அங்கே ஒரு முக்காலி கிடக்கும். அதில் திரைக்கு முதுகைக் காட்டி, எங்களைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். பக்கத்தில் ஒரு வாளி நிறையக் கடற்கரை மணல். பிள்ளைகள் இருந்த இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டால் அள்ளிக் கொட்டுவதற்கு. படம் முடிகிறவரை அவள் பார்ப்பது எங்கள் முகங்களைத்தான்.

ஏன் இப்படி என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தாள். மானேஜரிடம், "சங்கிலி அறுக்க வாரவளுவளப் பாக்கணும்லா" என்பாள். பெரிய மனுஷிகள் கேட்டால் திரை வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்பாள். நான் கேட்டபோது எனக்குப் பதினாறு வயது, துடுக்குக்குக் குறைவில்லை. "யக்கா, ஓசியில படம் பாக்கக் குடுத்து வச்சும் பாக்க மாட்டேங்கியளே" என்றேன்.

"அதுல என்னளா இருக்கு? அங்கன காசு வாங்கிட்டு ஒருத்தி அழுதா. இங்கன காசு குடுத்துட்டு வந்து அழுதாளுவ. எது பாக்க நல்லாருக்கும்?" என்றாள்.

எங்கள் முகத்தை வைத்தே படத்தை எடைபோட்டுவிடுவாள். புதுப்படம் வந்த அன்று முதல் காட்சி முடிந்ததும் மானேஜர் சந்து வாசலுக்கு வந்துவிடுவார், கேட்டக்காவிடம் ஜோசியம் கேட்க. "மூணாவது பாட்டுக்கே எல்லாரும் பிள்ளைக்குப் பால் குடுக்க ஆரம்பிச்சிட்டாளுவ. ரெண்டு வாரம் தாண்டாது" என்பாள். தாண்டாது. இன்னொரு படத்துக்கு, "எட்டுப் பிள்ளை கத்துது, ஒருத்தியும் திரும்பிப் பாக்கல. நீங்க அடுத்த படப் பொட்டிக்கு ஆளனுப்ப வேண்டாம்" என்றாள். அந்தப் படம் நூறு நாள் ஓடியது.

மாமியார் கொடுமைப் படம் ஒன்று வந்தது. ஊரில் உள்ள மாமியார் மருமகள் எல்லாம் ஜோடி ஜோடியாக வந்து பார்த்தார்கள். கேட்டக்கா அந்த மாதம் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தாள். "மாமியாளும் அழுதா, மருமவளும் அழுதா. ரெண்டு பேரும் தன்னையத்தான் கதாநாயகின்னு நெனச்சிருக்காளுவ. அப்பம் அந்தக் கொடுமைக்காரி எந்த ஊர்ல இருக்கான்னு கேட்டுச் சொல்லுளா" என்று என்னிடம் சொன்னாள்.

அவள் கண்ணை நினைத்து எனக்குப் பயம் வந்ததும் உண்டு. அதே படத்தில் கதாநாயகன் மனைவியை எட்டி உதைக்கிற இடத்தில் பெண்கள் பக்கம் முழுவதும் விம்மும். ஒரே ஒருத்தி, புதிதாகக் கல்யாணமாகி வந்தவள், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள். கேட்டக்கா படம் விட்டதும் அவளை ஓரமாக நிறுத்தி, "ஒன் வீட்டுக்காரன் ரொம்ப மிதிப்பானோ?" என்று கேட்டாள். அந்தப் பெண் விறைத்துப் போனாள். பக்கத்தில் நின்ற எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் போன பிறகு கேட்டேன்.

"அது பொய் மிதின்னு அவளுக்கு மட்டும்தான தெரிஞ்சிருக்கு. வாங்கிப் பழகுனவளுக்குத்தான தெரியும்" என்றாள் கேட்டக்கா.

அந்த நூறு நாள் படத்துக்கு விழா வைத்தார்கள். கதாநாயகியே வந்தாள். ரயிலடியிலிருந்து கொட்டகைவரை ஜனம். உப்பளத்து வேலைக்குப் போகிறவர்கள் போகவில்லை, தோணியில் சரக்கேற்றுகிறவர்கள் ஏற்றவில்லை. அவள் மேடையில் வந்து நின்றபோது நாங்கள் பெஞ்சின் மேல் ஏறி நின்று பார்த்தோம். கேட்டக்கா அவளுடைய முக்காலியில், மேடைக்கு முதுகைக் காட்டி, வழக்கம்போல உட்கார்ந்திருந்தாள். மானேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. மறுநாள் கூப்பிட்டு, மரியாதை தெரியாதா என்று சத்தம் போட்டார்.

"அவுகள ஊரே பாக்குது. நானும் பாத்தா இவளுவள யாரு பாக்கது?" என்று கேட்டிருக்கிறாள்.

அன்றைக்கு அவள் கண்டதை எங்களிடம் சொன்னாள். "மொதல்ல எல்லா மூஞ்சியும் விழுந்துட்டு. கட்டையா இருக்காளே, அம்மத்தழும்பு இருக்கேன்னு. பொறவு ஒருத்திய ஒருத்தி பாத்துக்கிட்டு, அவசர அவசரமா மறுபடியும் சிரிச்சிக்கிட்டாளுவ." எனக்குச் சுருக்கென்றது. நானும் அப்படித்தான் செய்திருந்தேன். கூட்டத்துக்குப் பயந்து அந்த நடிகையைச் சந்து வாசல் வழியாகத்தான் வெளியே கொண்டுபோனார்களாம். கார் வருகிறவரை கேட்டக்கா தூக்கிவந்து போட்ட முக்காலியில்தான் இருந்தாளாம். "பாவம், காலையில இருந்து சாப்பிடல. எல்லாப் பயலும் கையெழுத்து கேட்டானுவ, சோறு வேணுமான்னு ஒருத்தன் கேக்கல. எங்கிட்ட இருந்த பணியாரத்தக் குடுத்தேன், ரெண்டு தின்னா" என்றாள். ஊரே தொட்டுப் பார்க்கத் துடித்த ஒருத்தியைப் பற்றி அவளுக்குச் சொல்ல இருந்தது அவ்வளவுதான்.

இப்படிப் பேர் பரவிப் பரவி, கடைசியில் பெண் பார்க்க வருகிறவர்கள்கூட அவளைத் தேடி வர ஆரம்பித்தார்கள். ஸ்ரீவைகுண்டத்திலிருந்தும் சாயர்புரத்திலிருந்தும் மாப்பிள்ளையின் அம்மாக்கள் வந்து, வெற்றிலையை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னார் மக படம் பாக்கையில எப்பிடி இருப்பா?" என்று கேட்பார்கள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பாளா, காதல் பாட்டுக்குத் தலையைக் குனிவாளா, நிமிர்ந்து பார்ப்பாளா. கேட்டக்கா யாரையும் விட்டுக்கொடுத்ததில்லை. "தங்கமான பிள்ளை, படம் போட்டதும் தூங்கிருவா" என்பாள். எத்தனையோ துடுக்குப் பெண்களை அவள் தூங்கவைத்துக் கல்யாணம் முடித்திருக்கிறாள்.

அப்படி வாயைக் காத்தவள் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள். அதற்குக் காரணம் ஒரு உப்பளத்துக்காரி. அந்த அம்மாளின் மகளுக்கு நல்ல குரல், நல்ல நிறம். படத்தில் சேர்த்துவிடுகிறேன் என்று சொன்ன எவனோ ஒருவனோடு ரயிலேறிவிட்டாள். பிறகு கடிதமும் இல்லை, தகவலும் இல்லை. அந்த அம்மா ஒவ்வொரு புதுப்படத்துக்கும் உப்புத் தண்ணீரில் வெடித்த காலோடு சந்து வாசலுக்கு வந்து நிற்பாள். கேட்டக்கா டிக்கெட் கேட்காமல் உள்ளே விடுவாள். கூட்டமாகப் பெண்கள் ஆடுகிற காட்சி வந்தால் அந்த அம்மா எழுந்து நின்றுவிடுவாள். பின்னால் இருப்பவர்கள் மறைக்கிறது என்று கத்துவார்கள். கேட்டக்கா முக்காலியிலிருந்து எழுந்து வந்து, "கொஞ்சம் பொறுங்கடி, அவ மகளப் பாத்துக்கிடட்டும்" என்பாள். படம் முடிந்து வெளியே போகும்போது அந்த அம்மா, "இதுலயும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

"அந்தப் பிள்ளை போறதுக்கு ஒரு வாரம் முன்ன இங்கனதான் இருந்தா. கதாநாயகி பேசப் பேச இவளும் உதட்ட அசைச்சு அசைச்சுப் பேசுனா. நான் பாத்துட்டுச் சும்மா இருந்துட்டேன்" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் கை வாளி மணலை அளைந்துகொண்டிருந்தது. இனி பார்த்தால் சும்மா இருக்க மாட்டேன் என்றாள்.

இனி என் கதைக்கு வருகிறேன். தள்ளிப் போட்டுக்கொண்டுதான் வந்தேன்.

எனக்கு ஒரு சிநேகிதி, பிலோமி. கடற்கரைத் தெருவில் வீடு. அவள் அப்பா கொழும்புக்குப் போகிற தோணியில் தண்டல், தோணிக்காரர்களுக்குத் தலைவர். மாதத்தில் பாதி நாள் கடலில் இருப்பார். அம்மா கண்டிப்பானவள். என் அய்யா பலசரக்குக் கடைக்காரர். நானும் பிலோமியும் ஒன்றாகப் படித்தோம். அவளுக்கு டீச்சராக வேண்டும், அது ஒன்றுதான் ஆசை. கன்னியாஸ்திரீகள் நடத்துகிற பயிற்சிப் பள்ளியில் இடமும் கிடைத்துவிட்டது. ஜூன் மாதம் சேர வேண்டும். ஒரு வெள்ளைச் சேலையை இப்போதே வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, வாரத்துக்கு ஒரு தடவை எனக்கு எடுத்துக் காட்டுவாள்.

எனக்கு வேறு ஆசை. ஒரு சினிமாப் பத்திரிகையில் புதுமுகங்கள் தேவை என்று விளம்பரம் வந்திருந்தது. சேலத்தில் ஒரு படக் கம்பெனி விலாசம். அய்யாவுக்குத் தெரியாமல் போட்டோ எடுத்து அனுப்பியும் விட்டேன், கூப்பிட்டால் போய்விடுவது என்று முடிவு பண்ணியிருந்தேன். அந்த விளம்பரத்தைக் கிழித்து, விலாசத்துக்குக் கீழே பென்சிலால் இரண்டு கோடு போட்டு, எட்டாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்தேன். குளிக்கிற நேரம் தவிர அது என்னைவிட்டுப் பிரிந்ததில்லை. பிலோமிக்குக்கூடச் சொல்லவில்லை.

சனிக்கிழமை மத்தியானக் காட்சிக்கு என்னோடு பிலோமியும் வருவாள். வீட்டில் மடத்துத் தையல் வகுப்பு என்று சொல்லியிருந்தாள். சினிமா பார்ப்பது பாவம் என்று அவர்கள் சாமியார் பிரசங்கத்திலேயே சொல்லியிருந்தார். அவளுக்கோ பாட்டு கேட்காமல் இருக்க முடியாது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தாள். படம் ஆரம்பித்த நிமிஷத்திலிருந்து முடிகிறவரை, முந்தானைக்குள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு, உதட்டுக்குள்ளேயே ஐம்பத்துமூன்று மணி ஜெபம் சொல்லிக்கொண்டிருப்பாள். ஒரு பக்கம் பாவம் ஏற ஏற, இன்னொரு பக்கம் கழிந்துகொண்டே வருமாம். "ஒரு படத்துக்கு நாலு மாலை, சரியா இருக்கும்" என்பாள். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

கேட்டக்காவுக்கு ஜெபமாலை தெரியாது. தேரிக்காட்டில் ஏது ஜெபமாலை. முந்தானைக்குள் இருந்த கையும் அவளுக்குத் தெரியவில்லை. முக்காலியிலிருந்து அவள் பார்த்தது, படம் முழுக்க அசைகிற இரண்டு உதடுகளை.

ஒரு சனிக்கிழமை படம் விட்ட பிறகு, நாங்கள் இருந்த இடத்தைக் கூட்டும்போது அந்தத் தாள் அவள் துடைப்பத்தில் வந்திருக்கிறது. ஜாக்கெட்டிலிருந்து எப்படியோ நழுவி விழுந்த என்னுடைய தாள். எழுத்து வாசிக்கத் தெரியாததால் சோடாக் கடைக்காரரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். அவர் வாசித்துச் சொன்னதும் நேரே பிலோமி வீட்டுக்குப் போய்விட்டாள். யாருடையது என்று யோசிக்கவே அவளுக்கு அவசியம் இருக்கவில்லை. அந்த இடத்தில் இருந்தது இரண்டு பேர். ஒருத்தி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை பிலோமியின் அம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். போனேன். மேசை மேல் அந்தத் தாள் விரித்துக் கிடந்தது. விலாசத்துக்குக் கீழே என் பென்சில் கோடு இரண்டும் இருந்தன. பிலோமி உள்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கன்னத்தில் விரல் தடம். என்னைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. சாட்சி வந்துவிட்டது என்று நினைத்திருப்பாள்.

"இவ என்ன சொல்லுதா தெரியுமா? கொட்டகையில ஒக்காந்து ஜெபம் சொன்னாளாம். செஞ்ச பாவத்துக்கு மேல மாதாவையும் இழுக்கா. நீ பக்கத்துலதான இருந்த. உண்மையச் சொல்லு. இவ ஜெபமா சொன்னா?" என்று கேட்டாள் அவள் அம்மா.

ஆமாம் மாமி என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியென்றால் இந்தத் தாள் யாருடையது. அய்யாவின் கைப்பிரம்பு என் கண் முன்னால் வந்தது. சேலமும் வந்தது. ஒரே நிமிஷம்தான்.

"எனக்குத் தெரியல மாமி. நான் படத்தப் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றேன்.

பிலோமி நிலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அத்தனை வருஷச் சிநேகிதம் அந்த இடத்தில் முடிந்தது. நான் செய்தது துரோகம். அதற்கு வேறு பெயர் தேடி இத்தனை காலம் ஆகிவிட்டது, கிடைக்கவில்லை.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. தண்டல் கரைக்கு வந்தார், விஷயம் கேட்டார், மறு பயணத்திலேயே கொழும்பில் மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்தார். கப்பல் சாமான் கடை வைத்திருப்பவர், பிலோமியைவிடப் பதினைந்து வயது மூப்பு. தவக்காலம் தொடங்குவதற்குள் கல்யாணம் என்று நாள் குறித்தார்கள். பயிற்சிப் பள்ளிக்கு வேண்டாம் என்று கடிதம் போனது. நான் அந்த நாட்களில் தபால்காரரை எதிர்பார்த்துக் கடை வாசலில் நின்றேன், வெட்கம் கெட்டவள். சேலத்திலிருந்து ஒரு கார்டுகூட வரவில்லை. கடைசிவரை வரவே இல்லை.

கல்யாணத்துக்குக் கேட்டக்காவையும் அழைத்திருந்தார்கள். உன்னால்தான் என் பிள்ளை தப்பித்தாள் என்று பிலோமியின் அம்மா அவளுக்கு ஒரு புதுச்சேலையும் கொடுத்திருந்தாள். அதைக் கட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்தாள். எல்லாரும் பீடத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்க, இவள் மட்டும் முன்னால் பக்கத்தூண் ஓரமாகப் போய், ஜனங்களைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். வேறு மாதிரி நிற்க அவளுக்குத் தெரியாது. நான் பின் வரிசையில் இருந்தேன்.

சாமியார் வரத் தாமதமானது. காத்திருந்த நேரத்தில் பெண்கள் ஜெபமாலையை எடுத்து உருட்ட ஆரம்பித்தார்கள். சத்தமில்லாமல் உதடுகள் அசைந்தன. கிழவிகள், குமரிகள், சிறுபிள்ளைகள், வரிசை வரிசையாக ஒரே மாதிரி அசைந்தன. முன்னால் முட்டிபோட்டிருந்த பிலோமியின் உதடும் அசைந்திருக்கும். எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. கேட்டக்காவுக்கு முகம் தெரிந்தது.

அவள் அந்த உதடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு பக்கத்தில் இருந்த ஒரு கிழவியிடம் குனிந்து என்னவோ கேட்டாள். கிழவி மாலையைத் தூக்கிக் காட்டிச் சொன்னாள். கேட்டக்கா மறுபடியும் பிலோமியைப் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் அவள் கண் கூட்டத்துக்குள் தேடியது. என்னிடம் வந்ததும் நின்றது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். சாப்பாட்டுக்கு நிற்காமல் வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன். பிலோமி அந்த வாரமே கொழும்புக்குப் போய்விட்டாள்.

என்றைக்கு அய்யாவிடம் வந்து சொல்லப் போகிறாளோ என்று தினமும் செத்துச் செத்துப் பிழைத்தேன். அவள் வரவில்லை. ஒரு மாதம் தாங்கினேன், அதற்கு மேல் முடியவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் நானே சந்து வாசலுக்குப் போனேன். உள்ளே படம் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டக்கா வெளியே, வாசல்படியில், சந்துப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இப்போதெல்லாம் உள்ளே போவதில்லை என்று சோடாக் கடைக்காரர் சொன்னார். யாராவது பெண்ணைப் பற்றிக் கேட்டு வந்தால், கண் மங்கிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிடுகிறாளாம்.

பக்கத்தில் போய் நின்றேன். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள். உட்கார்ந்தேன்.

"அந்தத் தாளு என்னுதுதான் யக்கா" என்றேன்.

"தெரியும்."

"அவுக அம்மாட்ட நீங்க சொல்லலையா?"

"ஒன் பேரச் சொல்லல. நான் பாத்தது தப்பு, அந்தப் பிள்ளை ஜெபம்தான் சொல்லிருக்குன்னு போயிச் சொன்னேன். அந்தம்மா என் வாயப் பொத்திட்டா. சினிமாப் பேச்சு வந்ததே மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாதாம். இனி நல்லதாச் சொன்னாலும் அந்தப் பேச்சு வெளிய வரும்லா, சொல்லாத தாயின்னு கையெடுத்துக் கும்பிட்டா." கேட்டக்காவும் கையைக் கூப்பிக் காட்டினாள். "இனி ஒண்ணும் சொல்ல முடியாதுளா. நீயும் முடியாது, நானும் முடியாது."

உள்ளே யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே, இத்தனை நாள் என்னைக் குடைந்துகொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன். "நானும் அவ பக்கத்துலதான இருந்தேன். எல்லாரு மூஞ்சியையும் பாப்பியளே யக்கா, என் மூஞ்சியில ஒங்களுக்கு ஒண்ணும் தெரியலையா?"

அவள் என் முகவாயைப் பிடித்துத் திருப்பி, அழுது வீங்கிய முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"அதத்தான் நானும் ரோசிச்சிக்கிட்டே இருக்கேன். ஓடிப்போகணும்னு நெஞ்சுக்குள்ள வச்சிக்கிட்டு வாராவாரம் என் முன்னால ஒக்காந்திருக்க. ஒண்ணும் வெளிய வரல. படம் பாக்க வந்த பிள்ளை மாதிரியே இருந்த. இத்தன வருசத்துல எத்தன மூஞ்சி பாத்திருக்கேன், ஒன்னய மாதிரி ஒருத்தியப் பாத்ததில்ல." முகவாயை விட்டுவிட்டாள். "நீ போயிருக்கணும்ளா. போயிருந்தா பெரிய நடிகையா வந்திருப்ப."

கேலிக்குச் சொல்லவில்லை. யோசித்து, மனசறிந்துதான் சொன்னாள்.